அவளை அமைதியாக்கிய விதம்

எனக்கு டீ ஆறியிருக்க வேண்டும், ஐயா. சூடாகக் குடித்துப் பழக்கமில்லை. மரம் அறுக்கிற மில்லில் டீ வந்ததும் எழுந்து போக முடியாது. போட்ட மரம் பாதியில் நிற்கும். அறுத்து முடித்துவிட்டு வந்து பார்த்தால் டம்ளரில் மரத்தூள் மிதக்கும். அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பேன். இப்படியே காலம் போய், ஆறின டீதான் ருசி என்று ஆகிவிட்டது. என் மனைவி இதைப் புரிந்துகொண்டு, டீ போட்டதும் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றித்தான் என் கையில் கொடுப்பாள். கல்யாணமான புதிதிலிருந்து கடைசி நாள் வரைக்கும் அந்த வழக்கம் மாறவில்லை.

நீங்கள் கேட்டது டீயைப் பற்றி இல்லை என்று தெரியும். குடும்ப ஆலோசனை மையத்து மேடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் மகள் அவர் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். வலித்தாலும் வலிக்கிறது என்று வாய் திறக்கக்கூடாது என்று அந்த மேடம்தான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார், அதனால்தான் அம்மா செத்துப்போனாள் என்கிறாள். புகார் உண்மையானால் மேடத்துக்கு வேலை போய்விடும் என்று சொன்னீர்கள். போகக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன். எழுத்து எனக்குப் பிந்தி வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைக் கற்றுக்கொடுத்தவளும் என் மனைவிதான். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது, மகளுக்குப் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்தாள். நான் தப்பாக வாசித்தால் திட்ட மாட்டாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, சும்மா காத்திருப்பாள். நானே கண்டுபிடித்துச் சரியாக வாசித்ததும், "அப்படிப் போடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மெஷினை மிதிப்பாள். அந்தச் சொல்லுக்காகவே நான் படித்தேன்.

மற்ற நேரத்தில் அவள் வாய் ஓயாது. தலையணை உறை, பள்ளிச் சீருடை என்று வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். மெஷின் ஓடும்போது அதற்கு மேல் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, அந்தக் குரலே நிலைத்துவிட்டது. நான் பகல் முழுக்க ரம்பத்தின் முன்னால் நிற்கிறவன். காதில் பஞ்சு வைத்திருந்தாலும் ராத்திரி தலையணைக்குள் ரம்பம் ஓடும். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பிப்பாள். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, பக்கத்து வீட்டுக்காரி முறைத்தாள், இடுப்பு விட்டுப்போகிறது, நீங்கள் என்ன கல்லா மரமா. நான் வாயே திறக்க மாட்டேன். நான் திறக்காததால் அவள் சத்தம் கூடும். அவள் சத்தம் கூடுவதால் நான் வெளியே போய்விடுவேன். ஒரு நாள் வெளியே போகாமல், கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். அவளுக்கு அடி படவில்லை. ஆனால் கட்டிக்கொடுத்த மகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள்தான் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய் மேடத்திடம் உட்கார வைத்தாள்.

சின்ன அறை. மேசை கிடையாது, மூன்று நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்த மாதிரி. ஜன்னலோரத்தில் கண் துடைக்கிற காகிதப் பெட்டி. அதைப் பார்த்துவிட்டு என் மனைவி என் காதில், "அழாம இங்கேருந்து விட மாட்டாங்க போலிருக்கே. நீங்க முதல்ல அழுதுடுங்க, எனக்கு மெஷின்ல வேலை கிடக்கு" என்றாள். மேடத்துக்குக் கேட்டுவிட்டது. அவரும் சிரித்தார்.

மேடம் பழைய கதை எதையும் கிளறவில்லை. யார் மேல் தப்பு என்றும் கேட்கவில்லை. "இவர் அன்பா இருக்கணும்னு சொல்லாதீங்க. அன்பா இருந்தா என்ன செய்வார், அதைச் சொல்லுங்க" என்றார்.

என் மனைவி யோசித்தாள். "வேலையிலேருந்து வந்ததும் என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை. அது போதும்."

"நீங்க சொல்லுங்க சார்."

"சத்தம் போடக்கூடாது."

"செய்யக்கூடாததைச் சொல்லாதீங்க. என்ன செய்யணும்?"

"மெதுவாப் பேசணும்."

அவ்வளவுதான் வைத்தியம். அவள் மெதுவாகப் பேசினால் நான் உடனே முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நான் முகத்தைப் பார்த்தால் அவள் அதை வாய்விட்டுப் பாராட்ட வேண்டும். தினமும் மற்றவர் செய்த ஒரு நல்ல காரியத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். யாராவது கத்தினாலோ ஏசினாலோ, மற்றவர் பதில் கொடுக்காமல் இருந்துவிட வேண்டும். பதில் கிடைக்காத கத்தல் தானாக வற்றிவிடும், நடுவில் ஒரு தடவை பதில் கொடுத்தாலும் முன்னைவிடப் பலமாக வளர்ந்துவிடும் என்றார்.

முதல் சில வாரங்கள் எப்படி இருந்தன என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நான் வேலை முடிந்து வந்து செருப்பை மூலையில் ஒழுங்காக விட்டதைப் பார்த்து, அவள் மெஷின் முன்னால் எழுந்து நின்று, "பெரியோர்களே, என் புருஷன் செருப்பை வைக்கிற எடத்துல வச்சுட்டாரு" என்று யாருமில்லாத வீட்டுக்கு அறிவித்தாள். நான் சிரித்தேன். நான் சிரித்ததையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டாள். இடுப்பு வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள், தைலம் தேய்த்துவிட்டேன். எங்களுக்கு வயதே குறைந்த மாதிரி இருந்தது. மேடத்தின் வைத்தியம் அதுதான், ஐயா. அதில் குறை ஒன்றும் கிடையாது.

மில்லில் எனக்கு எதிர்ப்பக்கம் மரம் பிடிக்கிறவனை நாங்கள் சவுண்டு என்று கூப்பிடுவோம். பாதிச் செவிடு, ரகசியத்தைக்கூடக் கூவித்தான் சொல்வான். "என்னடா, மூஞ்சி தெளிஞ்சிருக்கு? வீட்டு ரம்பத்துக்குக் கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சத்தத்தை நிறுத்துகிற விசை என் கைக்கு வந்திருக்கிறது என்று தோன்றியது. மில்லில் விசை முதலாளியுடையது. இது என்னுடையது.

முதலில் கத்தலுக்கு மட்டும்தான் முகத்தைத் திருப்பினேன். கத்தல் போனது. அப்புறம் குறைக்குத் திருப்பினேன். மெதுவாகத்தான் சொல்வாள், ஆனாலும் குறை குறைதானே. குழாய், பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பு. அவள் பேச ஆரம்பித்ததும் நான் கதவைப் பார்ப்பேன். கோபமாக இல்லை. அங்கே யாரும் பேசாத மாதிரி. அவள் பேச்சை மாற்றி, "டீ ஆத்தட்டுமா?" என்றால் உடனே திரும்பி, "ஆத்து, நீயும் உக்காரு" என்பேன். மெதுவாகக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. அதில் ஒரு நாளும் நான் தவறியதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "இடுப்பு வலிக்குதுன்னு சொன்னாக்கூடவா தப்பு? மெதுவாத்தானே சொன்னேன்."

"மேடம் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"என்கிட்ட சொல்லலையே."

"நீ வெளிய போயிருந்த. அப்ப சொன்னாங்க."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா. அவள் வெளியே போயிருந்தது உண்மை. குடையை வரவேற்பறையில் மறந்துவிட்டு எடுக்கப் போனாள். அந்த நேரத்தில் மேடம் என்னிடம் தனியாக ஒன்று சொன்னதும் உண்மை. ஆனால் அவர் சொன்னது வேறு. "சார், ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. கண்டுக்காம விடுறது கத்தலுக்கும் ஏச்சுக்கும் மட்டும்தான். வலி, பயம், ஏதாவது வேணும்னு கேக்கறது, இதுக்கெல்லாம் எப்படிக் கேட்டாலும் உடனே திரும்பணும். கத்திக் கேட்டாலும் திரும்பணும்" என்றார். நான் தலையாட்டினேன். "திரும்பச் சொல்லுங்க பாப்போம்" என்றார். நானும் வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னேன். "அம்மாவுக்கும் இதைச் சொல்லிடுங்க" என்றார். வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் அவள் குடையோடு உள்ளே வந்தாள்.

சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லலாம் என்று இருந்தேன், கூட்டம். அப்புறம் மறந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடத்தின் பெயரைச் சொன்னதும் அவள் ஒத்துக்கொண்டாள். மேடத்தை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். "படிச்சவங்க சொன்னா ஏதோ இருக்கும்" என்றாள். மகள் போன் செய்தபோதும் அதையே சொல்லியிருக்கிறாள். "வலின்னா வாயத் தொறக்கக் கூடாதாம்டி, கொஞ்ச நாள்ல வலியே போயிடுமாம், மேடம் சொல்லியிருக்காங்க." மகளின் புகாரில் இருக்கிற வார்த்தை அதுதான். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை மேடத்திடம் போனபோது, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டார். என் மனைவி முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம், "நல்லா இருக்கேங்க" என்றாள். மேடம் விடவில்லை. "உங்களைத்தான் கேட்டேன்" என்றார். அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் அம்மா மட்டும் தனியாக வரட்டும் என்று மேடம் சொன்னார். வெளியே வந்ததும் நான் அவளிடம், நமக்குக் குணமாகிவிட்டதாம், இனிமேல் வர வேண்டாமாம் என்றேன். மேடம் போன் செய்தபோது, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஆக, அந்த அறையில் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான். அவரை நீங்கள் தண்டித்தால் சரியான ஆளைத் தண்டித்ததாக ஆகாது.

அதற்குப் பிறகு வீடு அமைதியானது. மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு சாயங்காலம் அந்தச் சத்தமும் நின்றது. பார்த்தேன். ஊசி அவள் விரலில் இறங்கியிருந்தது. அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன். அவளே சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியை எடுத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போது நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ இப்பல்லாம் ரொம்பப் பக்குவமா ஆயிட்ட" என்றேன். அன்றைக்கு டீயும் நானே போட்டேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். தைத்துக்கொண்டிருந்த உறையில் ரத்தம் பட்டுவிட்டதே என்று மட்டும் கவலைப்பட்டாள். அதையும் சொல்ல வந்து, சொல்லாமல் விட்டுவிட்டாள்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். வேலைக்குப் போய் அலுத்து வருகிற மனிதன், கவனித்திருக்க மாட்டான் என்று. அப்படி எனக்குச் சலுகை கொடுக்க வேண்டாம். மரம் அறுக்கிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். மரத்துக்குள் பழைய ஆணி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பல் அதில் லேசாக உரசியதுமே ரம்பத்தின் சத்தம் மயிரிழை மாறும். அந்த மாற்றம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். பஞ்சு வைத்த காதிலும் எனக்கு அது கேட்கும். இத்தனை காலம் அந்த ரம்ப மேசை முன்னால் நின்றும் என் பத்து விரலும் முழுசாக இருப்பது அதனால்தான். என் மனைவியின் குரல் மாறியதும் எனக்குக் கேட்டது.

அது ஒரு விடுமுறை நாள். காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இங்க குத்துது" என்றாள். மாதக் கணக்கில் அவள் அப்படிச் சொன்னதில்லை. நான் கதவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கையில் டீ இருந்தது. ஆற்றியிருந்தாள். மேல் உதட்டில் வேர்வை. "நல்லா இருக்கா?" என்றாள். நல்லா இருக்கு, உக்காரு என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

அம்மா ஏன் வலியைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்று மகள் பிறகு என்னிடம் கேட்டாள். என் மனைவிக்குப் பயமாக இருந்தது, ஐயா. பயத்தில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்குமே. வலி என்று சொன்னால் நான் முகத்தைத் திருப்பிவிடுவேன். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பேன். அவள் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மதியம் மகள் வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் கூட்டம். சின்ன வயது டாக்டர், கண்ணெல்லாம் தூக்கம். வயிற்றை அமுக்கிக்கொண்டே, "இங்க வலிக்குதாம்மா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

ஆதரவுக்காகப் பார்க்கிறாள் என்று மகள் நினைத்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஒரு தடவை அசைத்திருந்தால் போதும். ஆனால் வலிக்கிறது என்று அவள் சொன்னால், எப்போதிருந்து என்று டாக்டர் கேட்பார். காலையிலிருந்து என்றால், ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று மகள் கேட்பாள். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும். இதெல்லாம் ஒரே நொடியில் என் மனதில் ஓடியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வலியெல்லாம் இல்லைங்க. சும்மா ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

"அம்மா, ஒழுங்காச் சொல்லும்மா" என்றாள் மகள்.

"இல்லடி. வாயுவா இருக்கும்."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி வந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் மேலும் தப்பில்லை. மகள் கூடவே இருக்கிறேன் என்றாள். நான்தான், பிள்ளைகள் தேடும், நீ கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பஸ் ஏற்றி அனுப்பினேன். "அப்பா, நீங்க மாறிட்டீங்கப்பா. அம்மா கையப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றாள். பஸ் போகிற வரைக்கும் கையசைத்தாள்.

விடிந்தபோது அவளுக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனோம். குடல்வால் வெடித்து விஷம் வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது, முந்தின நாள் தெரிந்திருந்தால் சின்ன ஆபரேஷன் என்றார்கள். "இந்த வலியை எப்படித்தான் பொறுத்துக்கிட்டாங்களோ. ஒரு நாள் முழுக்க உருண்டு புரண்டு கத்தியிருக்கணுமே" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். மில்லிலிருந்து வந்தவர்களும் அக்கம்பக்கத்தாரும் பொறுமைசாலி, பொறுமைசாலி என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். சவுண்டு மட்டும், "நாங்க வந்தா வாசல்லயே வச்சு வாருவாங்களே, அந்த அம்மாவா சத்தம் போடாம போனாங்க?" என்று கேட்டான். அவன் வழக்கம்போலக் கூவித்தான் கேட்டான். நான் கதவைப் பார்த்தேன்.

இவ்வளவுதான். மேடத்தை விட்டுவிடுங்கள். மகளிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். மெதுவாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறேன். மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த சாயங்காலம், என் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் டீ போட்டாள். நான் தடுக்கவில்லை. இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நடுவில் நிற்கும், மறுபடி கேட்கும். கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடம் சொல்லிக்கொடுத்த மாதிரியே, குரலை ரொம்பத் தணித்து, என் முகத்தைப் பார்த்து, "இப்பச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

டீ எனக்குப் பிடித்த பக்குவத்தில் ஆறியிருந்தது. குடித்து முடித்தேன்.